டாவா பாய்

புனேவுக்கு வந்த மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் இடது கால் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. பல் தேய்த்துக்கொண்டே காலைத் தரையில் தட்டிப் பார்த்தேன். மற்ற நான்கு விரலுக்கும் தரை சில்லென்று தெரிந்தது. கட்டைவிரலுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

இது எனக்குத் தெரிந்த மரத்தல்தான். 2021இல் வந்தது. லாக்டவுனில் மந்தைவெளி வீட்டில் கட்டில்மேல் சம்மணம் போட்டு, மடியில் தலையணை, தலையணைமேல் லேப்டாப் என்று ஒன்றரை வருஷம் வேலை பார்த்ததற்கு உடம்பு அனுப்பிய பில். ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தில் ஓர் இடத்தைப் பேனாவால் சுட்டினார். எல் 4, எல் 5 என்று இரண்டு எலும்புகள். நடுவே இருக்கிற தட்டு கொஞ்சம் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பில் உட்கார்ந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஓய்வும் பிசியோதெரபியும் போதும் என்றார். அம்மா திண்டுக்கல்லிலிருந்து வந்து நாற்பது நாள் இருந்தாள். முதல் பத்து நாள் பாத்ரூமுக்கே அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். முப்பது வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட ஒருத்திக்கு அம்மா கால் கழுவிவிடுவது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்று வருஷம் கழித்து கோத்ரூட்டில், யாரையும் தெரியாத ஒரு ஊரில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நின்றுகொண்டு நான் கணக்குப் போட்டது இதைத்தான்: இப்போது விழுந்தால் யார் தோள்? எதிர் வீட்டுக்காரர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. தண்ணீர் கேன் போடுகிற பையனின் நம்பர் மட்டும் இருந்தது.

டாக்டரிடம் காட்டினேன். பெட்டி தூக்கியிருப்பீர்கள், ஹிஞ்சவடிக்கு தினமும் போக வர காரில் உட்கார்ந்தே இருக்கிறீர்கள், அதுதான்; பயப்பட ஒன்றுமில்லை, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த பயிற்சியை விடாதீர்கள் என்றார். பயிற்சியை நான் விடவில்லை. ஆனால் அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் போயிருந்தது.

மந்தைவெளியில் எனக்கு ஒரு டீச்சர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் விட்டுச்சென்ற வழியில் படித்தவர். மாடியில் ஒரு அறை, ஒரு கோரைப்பாய், ஒரு ஃபேன். வகுப்பு என்றால் நானும் அவரும் மட்டும்தான். முதல் நாள் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் நான் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து குச்சி குச்சியாக மனித உருவங்கள் வரைந்தார். மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்குக் கொண்டுவரும் அபானாசனம். இடுப்பைக் கொஞ்சமாகத் தூக்கும் த்விபாத பீடம். கைகாலில் ஊன்றி நின்று மூச்சோடு முன்னும் பின்னும் போய்வரும் சக்ரவாகாசனம். ஒவ்வொரு குச்சி மனிதன் பக்கத்திலும் இழுக்கும்போது எத்தனை எண்ணிக்கை, விடும்போது எத்தனை, எத்தனை தடவை என்று சின்னச் சின்ன எழுத்து. "இது உனக்கு மட்டும். ஃபிரண்டுக்கு அனுப்பாத," என்று சொல்லிக் கொடுத்தார். மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, தாளை மாற்றி எழுதுவார். அந்தத் தாள்கள்தான் என்னை நடக்க வைத்தன.

அதில் கடைசியாக எழுதிய தாளைப் புனேவுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருந்தேன். வீடியோ காலில் இரண்டு வகுப்பும் நடந்தது. இரண்டாவது வகுப்பின் நடுவில் டீச்சர் நிறுத்திவிட்டார். "நீ கையத் தூக்கறது தெரியறது. உன் மூச்சு எனக்குக் கேக்க மாட்டேங்கறது. அங்கயே யாரையாவது பாரு கண்ணு. நேர்ல பாக்கறவா வேணும் உனக்கு."

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு இதெல்லாம் பிரச்சினையாகவே தெரியவில்லை. அவள் மனவளக்கலை மன்றத்து ஆள். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியை இருபது வருஷமாக, காய்ச்சல் நாளைத் தவிர, விடாமல் செய்கிறவள். "மகராசனம் பண்ணு, உடம்பத் தேச்சு விடு, படு. இதுக்கு ஒரு ஸ்டூடியோவா?" என்றாள். அவளுக்கு எந்த ஊரிலும் எந்த மன்றத்திலும் போய் உட்கார்ந்தால் அதே கைப்பயிற்சி, அதே கால் பயிற்சி, அதே வரிசை. அந்த வசதி எனக்கு இல்லை. என்னுடையது ஒரே ஒரு ஆளுக்காக எழுதிய தாள்.

முதலில் போனது கர்வே ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு காபிக் கடைக்கு மேலே இருந்த ஸ்டூடியோ. ட்ரையல் வகுப்பு 500 ரூபாய். நுழைந்ததும் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தார்கள். காயம், ஆபரேஷன், கர்ப்பம் என்று ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தது. 'எல் 4, எல் 5' என்று அடித்தேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ச் சுவரில் 'ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, ஸ்பீக்கரில் புல்லாங்குழலுக்கு அடியில் டிரம். என்னைச் சேர்த்து இருபத்தைந்து பேர் இருப்போம். வின்யாசா ஃப்ளோ. கையைத் தூக்கு, முன்னால் குனி, பின்னால் தாவு, கீழே போ, மேலே பார், இடுப்பைத் தூக்கு, மறுபடி முன்னால் குனி.

நான் மூன்று வருஷமாக முன்னால் குனியவில்லை. கீழே சாவி விழுந்தால் முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்துதான் எடுப்பேன். டிஸ்க் பிரச்சினை வந்தவர்களுக்கு இது தெரியும். உலகத்தில் எவ்வளவு பொருள் தரையில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அதனால் அன்றைக்கு எல்லோரும் குனிந்தபோதெல்லாம் நான் பாதி நாற்காலிபோல நின்றேன். இருபத்து நான்கு முதுகுகள் கவிழ்ந்திருக்க, ஒரு தலை மட்டும் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண், இருபத்தாறு வயது இருக்கலாம், மேடையிலிருந்து "தலையைத் தளர விடுங்க, எல்லாத்தையும் விட்டுடுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதையும் விடுகிற நிலையில் இல்லை.

அந்த இடம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் வேர்த்து விறுவிறுத்து, முகம் சிவந்து, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்கள். நாள் முழுக்க மேனேஜரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு ஒரு மணி நேரம் யோசிக்காமல் ஆடித் தீர்ப்பது நல்லதுதான். நல்ல முதுகு இருந்தால் நானும் சேர்ந்திருப்பேன். அந்த ஐயாயிரம் ஆண்டுதான் கொஞ்சம் உறுத்தியது. அன்றைக்கு நாங்கள் திருப்பித் திருப்பிச் செய்த சூரிய நமஸ்காரத்தை இன்றைய உடற்பயிற்சி வடிவத்தில் ஊர் ஊராகப் பரப்பியவர், இதே மகாராஷ்டிரத்தில் சதாரா பக்கம் ஔந்த் என்ற சின்ன சமஸ்தானத்தின் ராஜா. 1920களில். இந்த ஊரில் இருந்துகொண்டு அவர் பெயரைப் போட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

அடுத்தது எங்கள் அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸ். காலை ஆறரை மணி, மாதம் 600 ரூபாய், பத்துப் பெண்கள், இரண்டு தாத்தாக்கள். எல்லாம் மராத்தியில். "ஷ்வாஸ் க்யா" என்றால் மூச்சை இழு. "ஷ்வாஸ் சோடா" என்றால் மூச்சை விடு. முதல் நாள் முழுக்க எனக்கு கோலி சோடா ஞாபகம்தான். அப்புறம் "டாவா பாய் புடே" என்றார்கள். டாவா என்றால் இடது என்று ஆட்டோக்காரர்களிடமிருந்து ஏற்கெனவே கற்றிருந்தேன். பாய் என்றால் பாய்தானே? இடப்பக்கத்துப் பாயை முன்னால் போடச் சொல்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த காகுவின் பாயைப் பிடித்து இழுத்தேன். அதில் அவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். பாய் என்றால் கால். மராத்தியில் பாய் என்றால் கால்! இடது காலை முன்னால் வை என்று சொல்லியிருக்கிறார்கள். காகு விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் பாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுபோல நடிக்கிறார்.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் மொழிபெயர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. "சாவகாஷ்." மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம். எங்கள் பாட்டி சொல்லும் அதே சாவகாசம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கால் மரத்துப்போன ஒரு காலையில், ஒரு மராத்தித் தாத்தா உங்களைப் பார்த்து சாவகாஷ் சாவகாஷ் என்று சொல்வதை நீங்கள் ஒருமுறை கேட்க வேண்டும்.

கிளப்ஹவுஸில் எனக்கு மனிதர்கள் கிடைத்தார்கள். எதிர் வீட்டுக்காரரின் பெயர் தெரிந்தது. வகுப்பு முடிந்து போஹே கொடுத்தார்கள். இன்றைக்கும் சனிக்கிழமைகளில் போகிறேன். ஆனால் என் முதுகை அங்கே யாராலும் பார்க்க முடியாது, அவர்கள் தங்கள் முதுகைப் பார்த்துக்கொள்ளவே வந்தவர்கள். நான் ஒவ்வொரு தடவையும் குனியாமல் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பாய் காகுதான் சொன்னார், கர்வே நகரில் ஒரு தாயி இருக்கிறார், ஐயங்கார் முறை, அங்கே போ என்று. "ஆனா திட்டுவாங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஐயங்கார் என்ற பெயரை மந்தைவெளி டீச்சர் வாயால் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் தள்ளி நிற்கிற மரியாதையோடு சொல்வார், பேச்சுவார்த்தை குறைந்துபோன பெரியப்பாவைப் பற்றிச் சொல்வதுபோல. தாயியிடம் போவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

கதை மைசூரில் தொடங்குகிறது. 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தத் தொடங்கினார். மகாராஜாவின் ஆதரவு. வந்தவர்கள் பெரும்பாலும் துடிப்பான சிறுவர்கள். ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்ட வேண்டும், கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும். அந்தப் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது துள்ளலும் வேகமும் நிறைந்த ஆசனங்கள். அங்கே படித்த பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே தங்கி அந்த வேகத்தை அஷ்டாங்க யோகா என்று வளர்த்தார். காபிக் கடை மாடியில் நான் பார்த்த ஃப்ளோவுக்குத் தாத்தா அதுதான்.

அதே யோகசாலையில் இன்னொரு பையனும் இருந்தான். கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவிக்குத் தம்பி. 1918இல், உலகமே இன்ஃப்ளூயன்சாவில் படுத்திருந்தபோது பிறந்தவன். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த உடம்பு. அத்திம்பேரிடம் அவன் பட்ட கண்டிப்பைப் பற்றிப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார் பி.கே.எஸ். ஐயங்கார். 1937இல், 18 வயதில், டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாதம் சொல்லிக்கொடுக்க அவரைப் புனேவுக்கு அனுப்பினார்கள். மராத்தி தெரியாது. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்களாம். ஆறு மாதத்துக்கு வந்தவர் 2014இல் இறக்கும்வரை இங்கேயே இருந்துவிட்டார். (என் கம்பெனி என்னிடம் இரண்டு வருஷம் என்று சொல்லியிருக்கிறது.)

கேட்பதற்கு குரு பக்கத்தில் இல்லை. சொல்லித்தர மிகக் குறைவாகவே நேரம் கிடைத்திருந்தது. தன் உடம்பிலேயே சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வருகிறவர்களோ அரண்மனைச் சிறுவர்கள் இல்லை. வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள், மூட்டு தேய்ந்தவர்கள். கைக்குத் தரை எட்டாதவனுக்கு ஒரு செங்கல், காலுக்குக் கை எட்டாதவனுக்கு ஒரு பெல்ட், நிற்க முடியாதவனுக்கு ஒரு சுவர், தொங்குவதற்கு ஒரு கயிறு என்று அவர் முறை வளர்ந்தது. 1966இல் 'லைட் ஆன் யோகா' வந்தது. 1975இல் மாடல் காலனியில், இறந்துபோன மனைவி ரமாமணியின் பெயரில், நிறுவனத்தைத் திறந்தார்.

கிருஷ்ணமாச்சாரியாரோ 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்துவிட்டார். அப்போதே அறுபதைத் தாண்டியவர். அரண்மனையும் இல்லை, சிறுவர் பட்டாளமும் இல்லை. நோயோடும் கவலையோடும் ஒவ்வொருவராக வந்த மனிதர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இஞ்சினியருக்குப் படித்த மகன் தேசிகாச்சார் அவரிடம் கற்றது அந்த யோகாவை. ஆளுக்கேற்ற ஆசனம், ஆசனத்துக்குள் மூச்சு. 1976இல் அவர் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழியைக் கொண்டுபோனது. என் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் குச்சி மனிதர்கள் அங்கிருந்து வந்தவர்கள்.

எங்கள் வீட்டில் பெரிய மாமா தாத்தாவைப் பற்றிப் பேசினால் பெல்ட்டும் முதுகும்தான் வரும். சின்னச் சித்தி பேசினால் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டிய தாத்தா வருவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மூத்த பிள்ளைக்குக் கிடைக்கிற அப்பா வேறு, கடைக்குட்டிக்குக் கிடைக்கிற அப்பா வேறு. மைசூர், புனே, சென்னை என்ற மூன்று ஊர்களில் ஓடுகிற மூன்று பள்ளிகளும் ஒரே ஆளின் மூன்று வயதுகளாக எனக்குத் தெரிந்தது அப்படித்தான். 1938இல் எடுத்த ஒலியில்லாத படம் ஒன்று யூடியூபில் கிடைக்கிறது. கிருஷ்ணமாச்சாரியாரும் இளம் ஐயங்காரும் மைசூரில் ஆசனங்கள் செய்துகாட்டுகிறார்கள். பிற்காலத்தில் ஒரே நிலையில் நிமிஷக்கணக்காக நிற்க வைத்ததற்குப் பேர்போன அதே ஐயங்கார், அதில் ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்குத் துள்ளிக் குதித்துப் போகிறார். அரண்மனைப் பையன்தானே!

தாயி வீட்டுத் தரைத்தள ஹாலில் வகுப்பு. வாரம் இரண்டு நாள், மாதம் 2200 ரூபாய். தாயி என்றால் மராத்தியில் அக்கா. அவருக்கு எழுபது வயது இருக்கும், தமிழில் கூப்பிடும் அர்த்தம்தான் இன்னும் பொருந்தும். சுவரில் கொக்கிகள், கொக்கிகளில் தடித்த கயிறுகள், ஓரத்தில் மடக்கு நாற்காலிகள், அடுக்கிவைத்த கம்பளிகள், மரச் செங்கற்கள். யோகா வகுப்புக்கும் ஜமுக்காளக் கடைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. படிவம் கிடையாது. "நட," என்றார். நடந்தேன். "நில்." நின்றேன். என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"உன் வலது கால்தான் உன்னத் தாங்குது. இடது கால் சும்மா கூட வந்திருக்கு," என்றார், இங்கிலீஷும் ஹிந்தியுமாக. "என்ன ஆச்சு அதுக்கு?"

அந்த ஊருக்கு வந்து ஒன்றரை மாதத்தில், நான் சொல்லாமல் என் இடது காலை ஒருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. தொண்டை அடைத்துவிட்டது. எல் 4, எல் 5, 2021, கட்டைவிரல் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டார். பரிதாபப்படவில்லை. ஒரு மரச் செங்கல்லைக் காட்டி, "இது என்ன தெரியுமா? வீட்," என்றார். பண்டரிபுரத்து விட்டலன் நிற்பது இந்த வீட்மேல்தான், மராத்தியில் வீட் என்றால் செங்கல். இடுப்பில் கை வைத்து, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு 28 யுகமாக நிற்கிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. "அவருக்கு முதுகுவலி வந்திருக்கா? இரண்டு கால்லயும் நில்லு." ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் கிளம்பிய பல்லக்குகள் ஊரைக் கடந்துபோய் அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பண்டரிபுரத்துக்கு நடக்கிற அத்தனை ஆயிரம் கால்களையும் நானும் ரோட்டோரம் நின்று பார்த்திருந்தேன், வலது காலில் சாய்ந்துகொண்டு.

மாதத்தின் முதல் வாரம் நின்று செய்யும் ஆசனங்கள். அடுத்த வாரம் முன்னால் குனிபவை. மூன்றாவது வாரம் பின்னால் வளைபவை. கடைசி வாரம் பிராணாயாமம். இந்த வரிசை தெரிந்த நாளிலிருந்து இரண்டாவது வாரத்தை நினைத்துத் தூக்கம் கெட்டது. அந்த வாரம் வந்ததும் நேராகச் சொல்லிவிட்டேன், நான் குனிவதில்லை என்று.

"எத்தனை வருஷமா?"

"மூணு."

"கீழ சாவி விழுந்தா?"

குந்தி உட்கார்ந்து எடுத்துக் காட்டினேன். வகுப்பே நின்று பார்த்தது. "நல்லா எடுக்கற," என்றார் தாயி. "இப்ப சொல்லு. குனியாம இருக்கறது வலியாலயா, பயத்தாலயா?"

எனக்கு பதில் தெரியவில்லை. வலி எப்போது போனது என்று யோசித்தேன். 2022 தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டது. அப்புறமும் இரண்டு வருஷம் நான் குந்திக்கொண்டே இருந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. மந்தைவெளித் தாளில் குனிகிற குச்சி மனிதன் ஒருபோதும் வரவில்லை, அதனால் குனியும் தேவையும் வரவில்லை.

தாயி என்னை ஜன்னலுக்குக் கூட்டிப்போய், இடுப்பு உயரத்தில் இருந்த திண்டில் இரண்டு கையையும் வைக்கச் சொன்னார். பின்னால் நட. இன்னும் நட. முதுகை வளைக்காதே. தொடை எலும்பு இடுப்பில் சேர்கிற இடம் இருக்கிறதே, கதவுக்குக் கீல் மாதிரி, அங்கே மட்டும் மடி. கதவு வளையுமா? கீல்தான் திரும்பும். உடம்பு மேஜைபோல நீண்டு நின்றது. இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் முழங்கால் சில்லு, குதிகாலின் வெளி ஓரம், அக்குள் என்று ஒவ்வோர் இடத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வகுப்பில் சுவர்க் கயிற்றைத் தொடையின் மேற்பகுதியில் போட்டு அதோமுக ஸ்வானாசனத்தில் முன்பக்கம் சாய விட்டார். கயிறு இடுப்பைப் பின்னால் பிடித்துக்கொண்டது, தலையும் கையும் முன்னால் போயின, நடுவில் முதுகு நீண்டது. ஏதோ மடித்து வைத்த புடவையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உதறுகிற மாதிரி.

கட்டைவிரல் அன்றைக்கே உயிர்பெற்றது என்று எழுத ஆசைதான். ஆறு வாரம் ஆனது. அதில் கயிறு எவ்வளவு, ஆபீஸில் நாற்காலி மாற்றிக்கொடுத்தது எவ்வளவு, தானாகச் சரியானது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. வாட்ஸ்அப் குழுவில் இதை முதுகுவலிக்கு அற்புத மருந்து என்று அனுப்பிவிடாதீர்கள். டாக்டரும் ஸ்கேனும் பார்த்த பிறகு, ஒரு நாற்பது வருஷ அனுபவக்காரரின் கண் முன்னால் நடந்தது இது.

தாயியின் திட்டு எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஊரில் பெரிய டாக்டர் ஒருவரை 'உன் முட்டி தூங்குது, நீயும் தூங்கற' என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கேட்காமல் தொடையில் பட்டென்று தட்டுவார். எனக்கு அது வேண்டாம், தொடுவதற்கு முன் சொல்லுங்கள் என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஹால் அமைதியாகிவிட்டது. அடுத்த ஒரு வாரம் "மகாராணி, தொடலாமா?" என்று கிண்டலாகக் கேட்டார். அதற்கடுத்த வாரம் கிண்டல் இல்லாமல் கேட்டார். இப்போது புதிதாக வருகிறவர்களிடமும் கேட்கிறார்.

இதில் எனக்குக் குடைந்துகொண்டிருந்தது வேறு விஷயம். டீச்சர் என் உடம்புக்கேற்றபடி ஆசனத்தைச் சின்னதாக்கிக் கொடுத்தார். தாயி ஆசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு, செங்கல்லாலும் நாற்காலியாலும் தரையை என் கைக்கு உயர்த்திக் கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருந்தபோது தாயியிடம் போயிருந்தால் இரண்டாம் நாள் ஓடிவந்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது என் மூச்சைக் கேட்டுக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா இருக்கத் தெரிந்த ஒருவர்தான். ஆனால் தாயியிடம் சேர்ந்ததை டீச்சரிடம் சொல்லாமலே இரண்டு மாதம் ஓட்டினேன். பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்ததை மறைக்கிற மாதிரி.

செப்டம்பரில் மறுபடி குனிகிற வாரம் வந்தது. ஜன்னல் திண்டிலிருந்து நாற்காலி இருக்கைக்கு இறங்கியிருந்தேன். அன்றைக்குத் தாயி நாற்காலியை எடுத்துவிட்டு, என் முன்னால் இரண்டு செங்கற்களை நெட்டுக்குத்தாக வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. கீலில் மடிந்தேன். கை காற்றில் கொஞ்சம் தேடியது, பிறகு மரம் தட்டுப்பட்டது. இடது காலில் எடை இருந்தது. மூன்று வருஷமாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன், தலைகீழாக, என் பின்னால் நிற்கிறவர்களின் குதிகால்களை. அழுகை வருகிற மாதிரி இருந்தபோது தாயி, "போதும், மேல வா. ஆசை வந்தா உடம்பு கெடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்று ராத்திரி டீச்சருக்கு போன் போட்டேன். தாயி, கயிறு, ஜன்னல், செங்கல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"செங்கல் எவ்ளோ உசரம்?"

"ஒரு சாண் இருக்கும் டீச்சர்."

"எவ்ளோ நேரம் நின்ன?"

"ஒரு நிமிஷம். கொஞ்சம் கம்மியா இருக்கலாம்."

"எத்தன மூச்சு?"

எண்ணவில்லை என்றேன். தாயி வகுப்பில் மூச்சை எண்ணச் சொல்ல மாட்டார்கள், அடக்காதே என்று மட்டும்தான் சொல்வார்கள் என்றேன்.

"அவா சொல்லலன்னா என்ன? நீ எண்ணு," என்றார். அப்புறம், அந்தக் கயிற்றை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பேரனுக்கு தோசை வார்க்கணும் என்று வைத்துவிட்டார்.